மேற்படி நபர் உயிருடன் இல்லை

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஜோடித்த ரதம். ரதத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் கழுத்தில் ரூபாய் நோட்டு மாலை. வயது 102. பெண் வீடு என்று எதுவும் இல்லை. சில மாதங்களுக்கு முன் அவருடைய முதியோர் பென்ஷனை நிறுத்தியிருந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி அவர் செத்துப்போயிருந்தார். அதிகாரிகள் கண்ணில் படவேண்டும் என்றுதான் இத்தனை ஆர்ப்பாட்டமும். கூட வந்தவர்கள் பிடித்திருந்த அட்டைகளில், ‘உங்க அத்தை வீட்டுக்காரர் இன்னும் உயிரோடதான் இருக்கார்’ என்று அந்த ஊர் வழக்கில் எழுதியிருந்தது.

செய்தி உலகம் சுற்றியது. போன இடமெல்லாம் அதற்குக் கிடைத்த இருக்கை ஒன்றே: விநோதம், சுவாரசியம், சிரிப்பு வரவழைக்கும் படம். நம் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் வந்தது. கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று மூன்றாகக் கீழே வரிசை கட்டின.

நூற்றிரண்டு வயது மனிதரை வெயிலில் தேரேற்றி ஊர் சுற்றவைத்தால்தான் எங்கோ ஒரு கணினியில் ஒரு கட்டத்திலிருக்கும் குறி மாறும் என்றால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். பேண்டு செட் வைக்க முடிந்தது அவருக்கு. ஊரில் நாலு பேர் கூட வந்தார்கள். ரதத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாத கிழவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் செத்தவர்களாகவே இருந்து, பிறகு நிஜமாகவே செத்து, அரசாங்கத்தின் கணக்கைச் சரி செய்துவிட்டார்கள். அது செய்தியாகாது. படம் கிடையாதே.

இந்த விநோதத் துணுக்குகள் எப்படித் தயாராகின்றன என்பது பத்திரிகை அலுவலகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராய்ட்டர்ஸ் இதற்கென்றே ‘ஆட்லி இனஃப்’ என்று தனித் தலைப்பு வைத்திருந்தது. யூ.பி.ஐ. ‘ஆட் நியூஸ்’ என்கிறது. ஏஜென்சியிலிருந்து நானூறு சொல்லில் வந்து விழும். பக்கத்தில் மிச்சமிருப்பது ஒரு பெட்டிக்கான இடம். அறுபது சொல்லுக்கு வெட்டவேண்டும். முதலில் எது போகும்? கையெழுத்துப் போட்ட அதிகாரி போவார். அடுத்து, யாருடைய சொத்து யார் பெயருக்கு மாறியது என்ற வரி போகும். எத்தனை பேருக்கு இப்படி ஆனது என்ற வரிக்கு இடமிருக்காது. மிஞ்சுவது கிழவர், ரதம், மாலை. அநியாயத்திலிருந்து ஆதாயம் பார்த்தவனை மட்டும் கவனமாக உருவி எடுத்துவிட்டால், மீதி இருப்பதற்குப் பெயர்தான் உலக விநோதம்.

இந்த ரகத்துக்கு ஒரு சக்கரவர்த்தி உண்டு. லால் பிஹாரி.

உத்தரப்பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் அமிலோ என்ற ஊர். பக்கத்திலேயே முபாரக்பூர், பனாரஸ் பட்டு என்று நாம் காஞ்சிபுரத்தோடு வைத்துப் பேசும் சேலைகளில் ஒரு பங்கு நெய்யப்படுவது அந்த வட்டாரத்துத் தறிகளில்தான். 1955இல் பிறந்து, தகப்பனை இழந்து, தறி வேலை கற்றுக்கொண்டவர் லால் பிஹாரி. இருபது வயதையொட்டி, சொந்தமாகத் தொழில் தொடங்க வங்கிக் கடன் வாங்கலாம் என்று கிளம்பினார். கடனுக்கு நிலத்தைக் காட்டவேண்டும். நிலத்துக்கு நகல் வேண்டும். நகல் தரவேண்டியவர் லேக்பால். அந்தக் காலத்து நம்மூர்க் கணக்குப்பிள்ளை, இந்தக் காலத்து வி.ஏ.ஓ. அவர் ஏட்டைப் புரட்டினார். லால் பிஹாரி என்பவர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தது. நகல் கேட்டு வந்தவரோ எதிரே நின்றுகொண்டிருந்தார்.

நிலம் ஒரு ஏக்கர்கூடத் தேறாது. சித்தப்பா வீட்டார் அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து அவரைக் காகிதத்தில் கொன்று தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஏழை நெசவாளி இருந்தால் ஒரு தறிக்குக் கடன் பெயராது; இறந்தால் பங்காளிக்கு ஒரு வயல்.

பிறகு பதினெட்டு ஆண்டுக்கு மேல் அவர் செய்ததெல்லாம் உலகப் பத்திரிகைகள் வயிறு குலுங்கச் சிரித்தவை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

சித்தப்பா வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டு போனார். கடத்தல் வழக்குப் பதிவானால் குற்றவாளியின் பெயரை எழுதித்தானே ஆகவேண்டும்? செத்தவன் மேல் எப்படி எஃப்.ஐ.ஆர். போடுவது? ஆகவே போலீஸ் அவரை உயிரோடு இருப்பவராகப் பதிவு செய்யும் என்பது திட்டம். பெற்றவர்கள் போலீஸுக்குப் போகவே இல்லை. புகார் கொடுத்தால் லால் பிஹாரி பிழைத்துக்கொள்வார், நிலம் போய்விடும். பிள்ளையா வயலா என்று வந்தபோது அந்த வீட்டில் வயலுக்குத்தான் ஓட்டு விழுந்தது. வேறு வழியில்லாமல் பையனைத் திருப்பி அனுப்பிவைத்தார் கடத்தியவர். இதைச் சிரிப்புக் கதையாக எழுதியவர்களுக்கு என் வந்தனம். எனக்கு இது மண்ணாசை மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஒரு பிரமாண வாக்குமூலமாகத்தான் படுகிறது.

மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். அதுவும் கிடைக்கவில்லை. நிலம் என்று வந்தால் அவர் செத்தவர். அரசாங்கம் நாலு காசு தரவேண்டும் என்று வந்தால் உயிருள்ளவர். இரண்டு கணக்குமே ஒரே அரசாங்கத்தின் கணக்குதான். அதில் எங்கேயும் குழப்பமில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் மிச்சம் அரசுக்கும் பங்காளிக்கும் நிற்கிறது.

தனக்குத் தானே இறுதி ஊர்வலம் நடத்திக்கொண்டார். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது காலமானவர், என்று பட்டம் சேர்த்துக் கடிதங்களில் அப்படியே கையெழுத்திட்டார். உத்தரப்பிரதேச சட்டமன்றத்துக்குள் புகுந்து துண்டுப் பிரசுரம் வீசினார். 1989 மக்களவைத் தேர்தலில் அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இந்தியக் குடியரசு அவரை மக்களவைக்குப் போகப் போட்டியிடும் அளவுக்கு உயிருள்ளவராக ஏற்றுக்கொண்டது. சொந்த வயலுக்குள் கால் வைக்கும் அளவுக்கு உயிர் இருப்பதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

1994இல்தான் ஏட்டில் அவருக்கு உயிர் வந்தது. கொல்வதற்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது; எழுப்புவதற்கு ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து ஓட்டுப் போடும் வயது வரும்வரை ஆயிற்று.

இதற்குள் அவர் தன்னைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாநிலத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, ‘மிருதக் சங்கம்’ ஒன்றை ஆரம்பித்திருந்தார். இறந்தோர் சங்கம்! ஆசிரியர் குழுக்கள் துள்ளிக் குதித்தன. 1999இல் டைம் பத்திரிகை எழுதிய பிறகுதான் அலகாபாத் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. ஆசம்கரில் நடக்கும் அநியாயம் அலகாபாத்துக்குத் தெரிய நியூயார்க் வழியாகப் போகவேண்டியிருந்தது என்பதை நம் நீதி பரிபாலனத்தின் பெருமையாக எங்காவது கல்வெட்டில் பொறித்து வைக்கலாம்.

2003இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் சாதனைகளுக்கென்று ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு; அப்போது விழா ஹார்வர்டில் நடந்துவந்தது. செத்த பிறகும் சுறுசுறுப்பாக வாழ்ந்ததற்காக, மரணத்துக்குப் பின்னும் பேராசை பிடித்த உறவினர்களை எதிர்த்துப் போராடியதற்காக, சங்கம் தொடங்கியதற்காக என்று பாராட்டு வாசிக்கப்பட்டது. நிஜ நோபல் வாங்கிய அறிஞர்கள் மேடையில் நிற்க, அரங்கம் கைதட்டியது. பரிசு வாங்கவேண்டியவரைத்தான் காணோம். இந்திய அரசிடம் போராடிப் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட அவரை, அமெரிக்கா உள்ளே விடவில்லை. நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். 2021இல் இந்தியில் ‘காகஸ்’ என்று படமும் வந்தது; பங்கஜ் திரிபாதி நடித்தார், சதீஷ் கௌசிக் இயக்கினார்.

கடன் கிடைக்காதவருக்குப் பரிசு கிடைத்தது, படம் கிடைத்தது, உலகப் புகழ் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்ட ஒரே ஒரு துணுக்கைக்கூட நான் படித்ததில்லை. ஏனென்றால் அந்த லேக்பால் வேடிக்கையான ஆளே இல்லை. நாம் தினமும் பார்க்கும் ஆள். மேஜைக்கு அடியில் கை நீட்டுகிறவனை வைத்து யார் கார்ட்டூன் போடுவார்கள்?

காகிதத்தில் சாகடிக்கப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால் அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வெளியூரில் கூலிக்குப் போனவன், பிள்ளையில்லாத விதவை, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவன். வாரணாசிப் பக்கத்து ஆள் ஒருவர் மும்பைக்குச் சமையல் வேலைக்குப் போனார். தலித் பெண்ணை மணந்துகொண்டார். ஊரில் உறவினர்கள் அவர் குண்டுவெடிப்பில் செத்துப்போனதாக எழுதி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். டெல்லி ஜந்தர் மந்தரில் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்ற அட்டையோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவரும் துணுக்கில் வந்தார். சாதி வரவில்லை. அறுபது சொல்லுக்குள் எதைத்தான் அடக்குவது!

இதெல்லாம் இந்தியாவின் கூத்து என்று நினைப்பவர்களுக்கு ஐரோப்பா நல்ல பாடம் வைத்திருக்கிறது. ருமேனியாவில் ஒருவர் துருக்கிக்குச் சமையல்காரராகப் போய் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். மனைவி 2016இல் அவருக்கு மரணச் சான்றிதழ் வாங்கினார். காகிதம் காலாவதியாகி துருக்கி அவரைத் திருப்பி அனுப்பியபோது, புக்கரெஸ்ட் விமான நிலையத்தில் இறங்கிய பிறகே தான் செத்துப்போன விஷயம் அவருக்குத் தெரியவந்தது. 2018இல் வாஸ்லூயி நகர நீதிமன்றத்தில் நேரில் போய் நின்றார். மேல்முறையீடு தாமதமாக வந்திருக்கிறது, தள்ளுபடி என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1986இல் காணாமல்போய் 1994இல் இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஒருவர், 2013இல் நீதிபதி முன் நின்று என்னை உயிருள்ளவனாக்குங்கள் என்று கேட்டார். மரண அறிவிப்பை மாற்ற மூன்று வருடம்தான் கெடு, அது தாண்டிவிட்டது, ஆகவே சட்டப்படி நீங்கள் இன்னமும் இறந்தவர்தான் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார் நீதிபதி. பிரான்ஸில் லியோன் நீதிமன்றம் 2017இல், வேலைநீக்க நஷ்டஈடு வழக்கு ஒன்றில் எதிர்த்தரப்புப் பெண்மணி இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டு தீர்ப்பெழுதியது. மரணச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டை, மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாகப் போயின. அவரும் வருடக்கணக்கில் அலைந்தார்.

சாவுக்குக் கெடு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். உயிருக்குத்தான் கெடு. நாகரிக நாடுகளின் சட்டப் புத்தகங்கள் இதில் ஆசம்கர் லேக்பாலோடு கைகோத்து நிற்கின்றன. ஒரே வித்தியாசம், அங்கே கருப்பு அங்கி உண்டு.

நம் ஊருக்கு வாருங்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாங்கள் சாகவில்லை என்று நிரூபிக்கவேண்டும். உயிர்வாழ் சான்று. 2014 நவம்பரில் மத்திய அரசு இதை டிஜிட்டல் ஆக்கி ‘ஜீவன் பிரமாண்’ என்று பெயர் வைத்தது. ரேகை வைத்தால் போதும், அலையவேண்டாம் என்றார்கள். எழுபது எண்பது வருடம் பாத்திரம் துலக்கி, விறகு ஒடித்து, நாற்று நட்ட விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஏதாவது ஓர் இ-சேவை மையத்தில் போய் நின்று பாருங்கள். கிழவி பெருவிரலைக் கண்ணாடியில் அழுத்துவாள். சிவப்பு விளக்கு. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துவாள். மறுபடி சிவப்பு. “தம்பி, நான்தான் முன்னாடி நிக்கிறேனேப்பா” என்பாள். “அது எனக்குத் தெரியுதும்மா. மெசின் எடுக்கணும் இல்ல?” என்பான் பையன். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கும் கண் இருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணுக்கு அரசாணை இல்லை. பத்து விரலும் தோற்ற பிறகு, எண்ணெய் தடவி வாருங்கள், ஈரத்துணியில் ஊறவைத்து வாருங்கள், நாளைக்குக் காலையில் சர்வர் நன்றாக இருக்கும், அப்போது வாருங்கள் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள்.

இத்தனை கெடுபிடியும் எதற்காக? செத்தவர் பெயரில் யாரும் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவாம். நியாயமான கவலைதான். அதையும் பார்த்துவிடலாம்.

2010 ஜூலையில் டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்து அதிகாரிகள், நகரின் மிக மூத்த ஆண்மகனாகக் கணக்கிலிருந்த 111 வயதுப் பெரியவரை நேரில் பார்த்து வாழ்த்த விரும்பினார்கள். அவர் யாரையும் சந்திப்பதில்லை, உயிரோடு புத்தராகிவிட விரும்பி அறைக்குள் போய்விட்டார் என்று வீட்டார் சொன்னார்கள். போலீஸ் கதவைத் திறந்தபோது படுக்கையில் இருந்தது காய்ந்துபோன உடல். செத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. பென்ஷன் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்றால் ஜப்பானியருக்குப் புரியுமோ என்னவோ. பதறிப்போன அரசு நாடு முழுக்கக் குடும்பப் பதிவேடுகளைத் தட்டிப் பார்த்தது. நூறு வயதைத் தாண்டியவர்களாகப் பதிவாகி, எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் 2,34,354 பேர். 150 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 884 பேர். நாகசாகி பக்கம் ஒருவர் 1810இல் பிறந்து ஏட்டில் இன்னமும் இருந்தார்.

இந்த ஜப்பான்தான் நமக்கு நீண்ட ஆயுளின் பள்ளிக்கூடம். ஒகினாவாவில் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று எழுதாத ஆரோக்கியப் பக்கம் உண்டா? ‘இக்கிகாய்’ தமிழிலேயே கிடைக்கிறது. ஒகினாவா, சார்டீனியா, இக்காரியா என்று ‘நீல மண்டலங்கள்’ அறிவித்துச் சமையல் குறிப்பு வரை விற்றுத் தீர்த்தாயிற்று. சால் ஜஸ்டின் நியூமன் என்ற ஆராய்ச்சியாளர் இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். நூற்றுப்பத்தைத் தாண்டியவர்கள் அதிகம் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்கள் பலவும் ஏழ்மை மிகுந்த இடங்கள், பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத இடங்கள் என்றார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததும் 110 வயதுக்காரர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் காணாமல் போனார்கள். ஒகினாவாவின் பதிவேடுகள் 1945 போரில் எரிந்துபோனவை. 2024இல் அவருக்கும் ஓர் இக் நோபல். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்று நூறு வருடம் வாழ்வது எப்படி என்று எழுதிய யாரும், குண்டு போட்டுத் தாலுகா ஆபீஸை எரித்தால் ஆயுள் கூடும் என்று திருத்தம் வெளியிட்டதாகத் தெரியவில்லை.

ஆக, ஏட்டில் சாகாமல் இருப்பதும் ஏட்டில் செத்துப்போவதும் பிழை என்ற பெயரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். பதவி என்று வந்தால் சாவு ஒரு தடையே இல்லை என்பது வேறு விஷயம். 2018 அக்டோபரில் இறந்த டென்னிஸ் ஹோஃப், விபச்சார விடுதிகள் நடத்திய தொழிலதிபர், நவம்பரில் நெவாடா சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். 2020இல் ருமேனியாவின் தேவேசேலு கிராமத்தில் கொரோனாவில் இறந்த மேயரை ஜனங்கள் மறுபடி தேர்ந்தெடுத்து, கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிச் சொல்லிவிட்டு வந்தார்கள். உயிரோடிருந்த சமையல்காரருக்கு அதே நாடு என்ன சொன்னது என்று மேலே பார்த்தோம்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கதை எந்த விநோதப் பக்கத்துக்கும் போகவில்லை. 2009 மே மாதம், இலங்கைப் போரின் முடிவில், வட்டுவாகலில் பிள்ளையை, புருஷனை இராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த தமிழ்ப் பெண்கள், 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தர ஏற்பாடு செய்யலாம் என்றார். எங்கே, எப்படி, யார் கையால் என்ற விவரம் அதில் இல்லை. ஒப்படைத்த நாளில் நாட்டின் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் இதே கோட்டாபய. அமிலோவில் வயலை எடுத்துக்கொண்டவன் ஒருவன், ஏட்டில் எழுதியவன் வேறொருவன். இங்கே இருவரும் ஒரே ஆள். சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள் தாய்மார்கள். அந்தக் கேள்விக்குக் கவுண்டர் இன்றுவரை திறக்கவில்லை.

கடைசியாக வாஷிங்டன். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் இறந்தோர் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறினால் வங்கிக் கணக்கு முடங்கும், சம்பளம் நிற்கும், வீடு வாடகைக்குக் கிடைக்காது. வருடத்துக்குப் பல ஆயிரம் பேர் தவறுதலாக அதில் ஏறி, நான் சாகவில்லை என்று அலைவது அங்கே பழைய கதை. உள்ளூர் டிவிகளுக்கு அது நிரந்தரத் துணுக்கு. 2025 பிப்ரவரியில், அப்போது அமெரிக்க அரசில் பொறுப்பிலிருந்த ஈலான் மஸ்க், 150 வயதுக்காரர்கள் எல்லாம் அரசுக் கணக்கில் இருக்கிறார்கள், இரத்தக் காட்டேரிகள் பென்ஷன் வாங்குகின்றனவோ என்று கேலி செய்தார். அப்படிப் பதிவானவர்களில் ஏறத்தாழ எவரும் பணம் வாங்கவில்லை என்று அந்த நிர்வாகத்தின் தணிக்கைப் பிரிவு 2023இலேயே எழுதி வைத்திருந்தது. யார் படித்தார்கள்? உலகம் காட்டேரி ஜோக்கைப் பகிர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், அதே அரசாங்கம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளின் பெயர்களை அந்த இறந்தோர் பட்டியலில் ஏற்றியது. அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தே ஏற்றியது. சட்டப்படி சமூகப் பாதுகாப்பு எண் வாங்கி, வேலை செய்து, வரி கட்டியவர்கள். சம்பளமும் வங்கியும் இல்லாமல் போனால் தாங்களாகவே நாட்டைவிட்டு ஓடிவிடுவார்கள் என்பது யோசனை. சித்தப்பா வீட்டார் எதிர்பார்த்ததும் அதைத்தான். இறந்தோர் என்ற பெயர் உறுத்தியதோ என்னவோ, பட்டியலுக்குத் ‘தகுதியற்றோர்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.

அமிலோவில் ஒரு ஆளைச் சாகடிக்க லேக்பாலுக்கு லஞ்சம் கொடுக்கவேண்டியிருந்தது. இங்கே யாரும் கை நீட்டவில்லை. எல்லாம் மாதச் சம்பளத்திலேயே முடிந்தது. இது சட்டவிரோதம், செய்யக் கூடாது என்று ஒரு மூத்த தொழில்நுட்ப அதிகாரி எதிர்த்தார். காவலர்கள் வந்து அவரை அலுவலகத்திலிருந்து வெளியே கூட்டிப்போய் விட்டார்கள். அவர் போனதால் வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை.